பதிவு என்றொரு பாவனை

சென்ற இதழில் நண்பர் எழுதிய கல்யாணப் புகைப்படக் கட்டுரைக்கு இது மறுப்பு. பெயர் சொல்லித் தாக்குவதுதான் சிறுபத்திரிகை மரபு. ஆனால் அவர் செஞ்சிக்கு வந்து, என் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு, அந்தப் படங்களை முதலில் எங்கள் வீட்டில்தான் காட்டினார் என்பதால் 'நண்பர்' என்பதே போதும். இதை வாசிக்கிற 150 பேருக்கும் அவர் யாரென்று தெரியும்.

அவர் கட்சி இது. சென்னையில் ஒரு மொட்டைமாடியில் 22 பேர் முன்னிலையில் ஒரு கல்யாணம் நடந்தது. மண்டபம் இல்லை, மேளம் இல்லை, மேடையேறக் காத்து நிற்கும் வரிசை இல்லை. புகைப்படக்காரர் யாரையும் நிற்கச் சொல்லவில்லை, சிரிக்கச் சொல்லவில்லை, விளக்குப் போடவில்லை. வந்தார், சுவரோடு சுவராக இருந்தார், நடந்ததை எடுத்துக்கொண்டு போனார். இதற்கு 'ஆவணப் பாணி' என்று பெயர் சொல்கிறார் நண்பர். நூறு வருஷத்து ஸ்டூடியோப் பொய்க்கு இது முடிவு கட்டிவிட்டது என்கிறார். அதோடு விட்டிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். கடைசிப் பக்கத்தில் நம் கவிதையும் கதையும் இப்படித்தான் ஆகவேண்டும் என்று உபதேசம் செய்திருக்கிறார். எழுதுகிறவனும் சுவரோடு சுவராக இருக்கவேண்டுமாம். இங்கேதான் எனக்குத் தாங்கவில்லை.

முதலில் படங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மோசமான படங்கள் இல்லை. ஒன்றில், பெண்ணின் தாய் எவர்சில்வர் டம்ளரைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு வேறெங்கோ பார்க்கிறாள். அவள் முகத்தில் ஒரு கணம் வந்து போன களைப்பு பிடிபட்டிருக்கிறது. இன்னொன்றில் மாப்பிள்ளை செருப்பைத் தேடிக் குனிகிறான். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இரண்டு கிழவர்கள் நிழலுக்கு ஒதுங்கியிருக்கிறார்கள். எல்லாம் கறுப்பு வெள்ளை. அறுபது படம். ஒவ்வொன்றாக நண்பர் நீட்ட, நான் பார்த்துவிட்டு அம்மாவிடம் கொடுத்தேன். அவள் இருபது, இருபத்தைந்து படம் வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டாள்:

"ஏன் தம்பி, ஒருத்தரும் நம்மளப் பாக்கலியே? எதுனா கோவமா?"

நண்பர் சிரித்தார். கட்டுரையில் இந்தச் சம்பவத்தைக் கிராமத்து அப்பாவித்தனத்துக்கு உதாரணமாக எழுதியும் விட்டார். (செஞ்சி கிராமம் இல்லை, பேரூராட்சி. அதை விடுவோம்.) எனக்கு அது அப்பாவிக் கேள்வியாகப் படவில்லை. இந்த விவகாரத்தில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான்.

22 பேர் இருக்கிற மொட்டைமாடியில், தோளின் இரண்டு பக்கமும் இரண்டு காமிரா தொங்க ஒருவர் காலையிலிருந்து மத்தியானம் வரை சுற்றி வருகிறார். அவரை ஒருவருமே பார்க்காமல் இருந்திருக்க முடியுமா? பார்த்திருப்பார்கள். குழந்தைகள் ஓயாமல் பார்த்திருக்கும். அப்படிப் பார்த்த படங்களெல்லாம் எங்கே? மூவாயிரத்துக்கு மேல் எடுத்து அறுபது பொறுக்கியதாக நண்பரே பெருமையாகச் சொன்னார். பொறுக்கியதன் விதி என்ன என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. காமிராவைப் பார்த்த முகங்களை எல்லாம் கழித்துவிட்டு, மிஞ்சியதை 'நடந்தது' என்று பெயரிட்டு வைப்பதுதான் விதி. புகைப்படக்காரர் அங்கே இருந்தார் என்பதுதான் அன்று நடந்த விஷயங்களில் ஐயமற நிரூபிக்கக்கூடிய ஒன்று. அந்த ஒன்றைத்தான் அறுபது படங்களும் ஒரே குரலில் மறுக்கின்றன.

நண்பர் பொய் என்று தள்ளுகிற ஸ்டூடியோப் படத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். தீட்டிய திரை, அதில் மாளிகைப் படிக்கட்டு அல்லது ஏரி. முக்காலியில் பூச்சாடி. மாப்பிள்ளை நாற்காலியில், பெண் நின்றுகொண்டு. அல்லது இரண்டு பேரும் நின்று, பெண் குள்ளமாக இருந்தால் காலுக்கடியில் பலகை. "மோவாயைக் கொஞ்சம் எறக்குங்க" என்ற குரல். பிறகு நெகட்டிவின் மேல் பென்சிலால் அம்மைத்தழும்பை மறைக்கிற வேலை. இவ்வளவும் ஜோடனைதான். ஆனால் யாரை ஏமாற்ற? செஞ்சியிலோ திண்டிவனத்திலோ எந்த வீட்டுச் சுவரில் அந்தப் படம் தொங்கினாலும், அந்தப் பெண் உண்மையில் ஏரிக்கரை மாளிகையில் நின்றாள் என்று யாராவது நம்பியதுண்டா? திரை திரையாகவே தெரிந்தது. அதற்கு முன்னால் நின்ற இரண்டு பேர் தங்களைப் படமெடுக்கிறார்கள் என்று தெரிந்து, யாருக்காக எடுக்கிறார்கள் என்றும் தெரிந்து, நேராகப் பார்த்தார்கள். இன்னும் பிறக்காத பேரனைப் பார்த்தார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

எங்கள் பக்கம் தெருக்கூத்து நாடு. இரண்டு பேர் திரை பிடிக்க, அதன் பின்னால் வேஷம் வந்து நின்று, நான் இன்னார் என்று சபைக்குச் சொல்லிவிட்டுத்தான் கூத்துக்குள் நுழைகிறது. கட்டியங்காரன் அதனிடமும் பேசுவான், உட்கார்ந்திருக்கிற நம்மிடமும் பேசுவான். விடிய விடியப் பார்க்கிற யாரும் இது பொய் என்று எழுந்து போனதில்லை. பாஞ்சாலி சபதத்தில் அழாமல் எழுந்தவரும் குறைவு. சபையைப் பார்க்காமல், சபையே இல்லாததுபோல் மூன்று சுவருக்குள் பேசுகிற நாடகம் பிறகு வந்தது. அதைத்தான் யதார்த்தம் என்று நமக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அகத்திணையில் தலைவிக்குப் பெயர் வைக்கக்கூடாது என்பதும் இதே ஜாதிதான். வழக்கு என்று தெரிந்தே கையாளப்படுகிற வழக்கு யாரையும் ஏய்ப்பதில்லை. தன்னை வழக்கு என்று ஒப்புக்கொள்ளாத வழக்குதான் ஏய்க்கும்.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்தவர்கள், 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களை ஊர் ஊராகத் தேடிச் சேகரித்து, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு கணினியில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். மூடிப்போன ஸ்டூடியோக்களின் பரணில் கண்ணாடி நெகட்டிவாகக் கிடந்தவை அவற்றில் உண்டு. நண்பர் ஒரு மத்தியானம் அவற்றைப் பார்க்கவேண்டும். நூறு வருஷத்துத் தமிழர்கள் கூட்டம் கூட்டமாக இவரைத் திருப்பிப் பார்ப்பார்கள். சிரிப்பு அதிகம் இருக்காது. படமெடுப்பது அவர்களுக்குச் சிரிப்புக் காரியமாக இல்லை.

'ஆவணப் பாணி' என்ற சொல்லுக்கு வருகிறேன். நண்பர் இதைப் புதிதாகக் கண்டுபிடித்தது போல எழுதுகிறார். அமெரிக்கப் புகைப்படக்காரர் வாக்கர் எவான்ஸ் 1971ல் ஒரு பேட்டியில் இதைத் தெளிவாகப் பிரித்துவைத்தார். ஆவணம் வேறு, ஆவணப் பாணி வேறு. போலீஸ்காரன் கொலை நடந்த இடத்தை எடுக்கிற படம் ஆவணம். அதற்குப் பிரயோஜனம் உண்டு. கலைக்கு அந்த அர்த்தத்தில் பிரயோஜனம் கிடையாது; ஆகவே கலை ஆவணமாக இருக்கமுடியாது, அதன் நடையை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம். எவான்ஸ் ஒன்றும் யோக்கியர் இல்லை. 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில் கோட்டுக்குள் காமிராவை ஒளித்துவைத்து எதிரில் உட்கார்ந்தவர்களை எடுத்தவர். ஆனால் அவற்றைப் புத்தகமாக வெளியிட 1966 வரை காத்திருந்தார். தான் செய்தது என்ன என்ற பிரக்ஞை அவருக்கு இருந்தது. நம் நண்பரோ பாணியை எடுத்துக்கொண்டு அதையே ஆவணம் என்கிறார். கூத்தில் கிரீடம் வைத்தவனிடம் கிஸ்தி கட்டப் போனவன் கதைதான்.

இந்தப் பாணி மொட்டைமாடியோடு நிற்கவில்லை. எங்கள் கோட்டைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். சென்னையிலிருந்தும் பாண்டியிலிருந்தும் காரில் ஜோடிகள் வந்து இறங்குகின்றன, கல்யாணத்துக்கு முன் எடுக்க, கல்யாணத்துக்குப் பின் எடுக்க. 'டிரடிஷனல்' தனி ஆள், 'கேண்டிட்' தனி ஆள் என்று தொழில் இரண்டாகப் பிரிந்துவிட்டது. இரண்டாவது ஆளுக்கே மவுசு. அவர்கள் எல்லோரும் தேடிப் போவது கல்யாண மகாலைத்தான். சதுர முற்றத்தின் நடுவில், நிலை மேல் நிலையாக எழும்பிக் கூம்பில் முடிகிற அந்தக் கட்டடத்தில் எந்தக் கல்யாணமும் நடந்ததாக ஆதாரம் கிடையாது. அரண்மனைப் பெண்டிரின் இருப்பிடம் என்பதே பொதுவான கருத்து. பெயரைப் பார்த்து வருகிறார்கள். வரட்டும். படியில் பெண்ணை உட்காரவைத்து அந்த இளைஞன் இருபதடி தள்ளி நின்று கத்துவான்: "என்னப் பாக்காதீங்க மேடம்! நேச்சுரலா இருங்க! எதையாவது யோசிங்க!" அவள் யோசிப்பாள். நான் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இயல்பாக இரு என்று உத்தரவு போடுகிற கலை உலகத்தில் இதுவரை இருந்ததில்லை என்று நினைக்கிறேன். பழைய ஸ்டூடியோக்காரர் மோவாயை இறக்கச் சொன்னார். மனதை எங்கே வைக்கவேண்டும் என்று சொன்னதில்லை.

அங்கேயிருந்து செட்டிக்குளம் பக்கந்தான். தேசிங்கை 1714ல் எரித்த இடமும், அவன் இளம் மனைவி உடன்கட்டை ஏறிய இடமும் அந்தக் கரைதான் என்பது ஊர்வழக்கு. ஆற்காட்டு நவாபோடு நடந்த அந்தச் சண்டைக்கு, தன் கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து வந்து மாண்டவன் தேசிங்கின் நண்பன் மகமத்கான் என்று கதைப்பாடல் சொல்கிறது. பாதியில் விட்ட கல்யாணமும் எரிந்த கல்யாணமும் இருக்கிற ஊர் இது. அந்தக் கரையிலும் புடவைத் தலைப்பைக் காற்றில் பறக்கவிட்டுப் படமெடுக்கிறார்கள். 2025 ஜூலையில் மராட்டிய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் செஞ்சி சேர்ந்தது. மற்றப் பதினொன்றும் மகாராஷ்டிரத்தில். கூட்டம் குறையப் போவதில்லை.

நண்பருக்குக் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் பேரில் பக்தி. கட்டுரையில் மூன்று இடத்தில் வருகிறார். நானும் மதிக்கிறவன்தான். எங்கள் ஊரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் திருவண்ணாமலை. 1950 ஏப்ரலில் ரமணரின் கடைசி நாட்களில் அவர் அங்கே வந்து எடுத்த படங்கள் இருக்கின்றன. இறந்த மறுநாள் எடுத்ததும் இருக்கிறது. புகைப்பட வரலாற்றில் அவற்றுக்கு இடமுண்டு. ஆனால் திருவண்ணாமலையில், செஞ்சியில், இந்த ஜில்லாக்களின் டீக்கடைகளில், ஆட்டோக்களில், பூஜை அறைகளில் தொங்குகிற ரமணர் படம் எது? 1946ல் வெல்லிங் என்ற பெங்களூர் ஸ்டூடியோக்காரர் எடுத்தது. தலையும் தோளும் மட்டும்; கண் நேராக நம்மேல். உட்காரவைத்து, வெளிச்சம் பார்த்து எடுத்த படம். எத்தனையோ பேர் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஆசிரமத்துக்கு வந்ததாகச் சொல்கிறார்கள். சுவரோடு சுவராக இருந்த மேதையின் படத்தைப் பார்த்து யாரும் பஸ் ஏறியதாக நான் கேள்விப்படவில்லை. மேதைக்குக் குறைவு என்பதல்ல என் கட்சி. நேருக்கு நேர் நின்று எடுப்பதில் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. அதற்கென்று ஒரு உண்மை உண்டு. அதை வெறும் பொய் என்று தள்ளுவது ரசனைக் குறைவு.

அடுத்தது 'சிறிய கல்யாணம்'. 22 பேர் என்பதில் நண்பருக்கு ஒரு கிறக்கம். சின்னதாக இருந்தால் அந்தரங்கம், அந்தரங்கமாக இருந்தால் நிஜம் என்று கணக்குப் போடுகிறார். கொரோனாக் காலத்தில், 2020ல், அரசாங்கமே 50 பேருக்கு மேல் கூடாது என்றது. நாடு முழுக்கக் கல்யாணம் சிறுத்தது. நிஜம் கூடியதாகத் தெரியவில்லை. கல்யாணம் சிறியதாக இருப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. சிலருக்கு அது ருசி. சிலருக்குக் கையில் காசில்லை. சிலருக்கு வருவதற்கு ஆளில்லை. சிலருக்கு, யாராவது வந்துவிட்டால் உயிர் போகும்.

என் வீட்டுக் கூடத்திலும் ஒரு சிறிய கல்யாணம் நடந்தது. சில வருஷம் ஆகிறது. ஒன்பது பேர். பெண் ஒரு ஜாதி, பையன் ஒரு ஜாதி. எந்தெந்த ஜாதி என்று எழுதமாட்டேன், எங்கள் ஜில்லாவை அறிந்தவர்கள் ஊகிக்கலாம். 1954ன் சிறப்புத் திருமணச் சட்டப்படி செய்வதென்றால் முப்பது நாள் நோட்டீஸ் ஒட்டவேண்டும். அவர்களுக்கு முப்பது மணி நேரங்கூட இல்லை. அண்ணா அரசு 1967ல் கொண்டுவந்து 1968ல் அமலுக்கு வந்த 7ஏ பிரிவு இருக்கிறது. புரோகிதர் வேண்டாம், நண்பர்கள் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி மாலையோ மோதிரமோ மாற்றினால், தாலி கட்டினால், கல்யாணம். வக்கீல் அறையில் செய்துவிடலாம் என்றால், அப்படிச் செய்வது செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2014ல் சொல்லியிருந்தது. (2023 ஆகஸ்டில்தான் உச்சநீதிமன்றம் அந்தக் கருத்தைத் தள்ளியது.) ஆகவே என் கூடம்.

புகைப்படத்துக்கு உள்ளூர் ஸ்டூடியோக்காரரை அழைத்தேன். ஐம்பது வயசு. பள்ளிக்கூடக் குரூப் போட்டோ, காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் எடுக்கிறவர். கலை என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை. உள்ளே வந்து கூடத்தைப் பார்த்தார், அந்த இரண்டு பேரைப் பார்த்தார், வாசல் கதவு தாழிட்டிருப்பதைப் பார்த்தார். விஷயம் விளங்கிவிட்டது. நான் சுவரில் தொங்கிய தினசரி காலண்டர் அசிங்கமாக இருக்கிறதே என்று கழற்றப் போனேன்.

"அத எடுக்காதீங்க சார். தேதி தெரியணும்."

காலண்டருக்குக் கீழே அவர்களை நிறுத்தினார். அன்றைய தேதித் தாள் மேலே இருக்கிறதா என்று கிட்டே போய்ப் பார்த்து, பழைய தாள் இரண்டைக் கிழித்தார். சாட்சிகளைப் பக்கத்துக்கு இரண்டு பேராக நிற்கவைத்தார். பெண் தலை குனிந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அவர் காமிராவை இறக்கிவிட்டுச் சொன்னார்:

"தலைய நிமுத்துமா. நேரா என்னப் பாரு. தெம்பாப் பாரு. இந்தப் போட்டோவ நாளைக்கி இன்ஸ்பெக்டர் பாக்கப்போறாரு. யாரோ இழுத்துக்கினு வந்த மாதிரி இருக்கக்கூடாது."

அவள் நிமிர்ந்தாள். அந்தப் படம் எடுத்தாயிற்று. தாலி கட்டுகிற படம் ஒன்று, மாலை மாற்றுகிற படம் ஒன்று. இரண்டுக்கும் இரண்டு தடவை செய்யவைத்தார், கை முகத்தை மறைத்ததால். மொத்தம் மூன்று. மறுநாள் காலையில் ஆறு பிரதி கொண்டுவந்து கொடுத்தார். ஒன்று பதிவாளர் அலுவலகத்துக்கு, ஒன்று போலீஸ் ஸ்டேஷனுக்கு, ஒன்று வக்கீலுக்கு. பெண்ணைக் கடத்திவிட்டான் என்று அவள் வீட்டார் புகார் கொடுத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் மேஜையில் அந்தப் படத்தை வைத்தபோது அவர் அதை வெகு நேரம் பார்த்தார். பிறகு பெண்ணைப் பார்த்தார். "நீயா வந்தியாம்மா?" என்று கேட்டார், பதில் படத்திலேயே இருந்தது.

சட்டப்படி பதிந்த கல்யாணமே காப்பாற்றும் என்று நான் சொல்லவரவில்லை. 2003 மே மாதம் கடலூரில் பதிவு செய்துகொண்ட ஒரு ஜோடியை, இரண்டே மாதத்தில் விருத்தாசலம் பக்கத்தில் விஷம் புகட்டிக் கொன்று எரித்தார்கள். அந்த வழக்கில் ஆயுள் தண்டனையை உச்சநீதிமன்றம் உறுதிசெய்ய 2025 ஏப்ரல் ஆயிற்று. காகிதத்தால் ஆகக்கூடியது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் காலண்டர். ஈழத்திலிருந்து கனடாவுக்குப் போன நம் ஆட்களைக் கேட்டால் இன்னொன்று சொல்வார்கள். கணவனையோ மனைவியையோ அழைத்துக்கொள்ள விண்ணப்பித்தால் குடிவரவு அதிகாரி கல்யாணப் படங்களைக் கேட்பார். கல்யாணம் சிறியதாக, சொந்தக்காரர் இல்லாமல் நடந்திருந்தால் சந்தேகம் கூடும். அங்கே போய் யாரும் யாரையும் பார்க்காத அறுபது கறுப்பு வெள்ளைப் படங்களை நீட்டினால் என்ன நடக்கும் என்று நண்பர் யோசித்துப் பார்க்கலாம்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. எழுதாமல் விட மனம் வரவில்லை. அந்தக் காலண்டர்ப் படத்தில் இடது ஓரத்தில், சட்டைப் பித்தானை மேல்வரை போட்டுக்கொண்டு, கைகளை முன்னால் கட்டி, காமிராவை நேராகப் பார்த்து நிற்பவர் நம் நண்பர்தான். சாட்சிக் கையெழுத்தும் அவருடையது. அன்று அவர் சுவரோடு சுவராக இல்லை. வேலையில் அவருக்குத் தொந்தரவு வரக்கூடும் என்று தெரிந்தே வந்து நின்றார். இன்றைய கட்டுரையில் அந்த ஸ்டூடியோக்காரரின் இனத்தைத்தான் 'பொய்யின் கைவினைஞர்கள்' என்கிறார். மறதி என்று வைத்துக்கொள்கிறேன்.

இனி நம் வீட்டு விவகாரம். நம் விமர்சனத்தில் 'பதிவு' என்ற சொல் நுழைந்து எத்தனை வருஷமாயிற்று? 'ஒரு காலகட்டத்தைப் பதிவு செய்திருக்கிறார்', 'விளிம்புநிலை வாழ்வின் முக்கியமான பதிவு' என்று இன்று எந்த மதிப்புரையை எடுத்தாலும் இருக்கிறது. நாவல் பதிவு, கவிதை பதிவு, சிறுகதை நுண்பதிவு. கவிதை நன்றாக இருக்கிறதா என்ற கேள்வியிலிருந்து தப்பிக்க இதைவிடச் சௌகரியமான சொல் கிடைக்காது. இயல்புவாத நாவலைப் புகழ 'காமிராக் கண்' என்று ஒரு காலத்தில் எழுதினார்கள். ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942ல் வந்தது. அதை யாராவது காமிரா என்று சொன்னால் அவர் அந்த நாவலைப் படிக்கவில்லை என்று அர்த்தம். அந்தக் கிராமத்தைப் பார்க்கிற ஒரு மனசு ஒவ்வொரு வாக்கியத்திலும் இருக்கிறது. அது தன்னை மறைத்துக்கொள்வதும் இல்லை, முண்டியடித்துக்கொண்டு முன்னால் வருவதும் இல்லை.

இப்போது எழுதப்படுகிற கவிதையில் பாதி, நண்பர் காட்டிய மொட்டைமாடிப் படந்தான். பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற கிழவி, ஈரக் கை, சில்லறை, ஒரு பார்வை, முடிந்தது. கவிஞன் எங்கே நிற்கிறான்? பூ வாங்கினானா? அவள் இவனைப் பார்த்தாளா? பார்த்தால் கவிதை கெட்டுவிடும் என்பதால் அந்தக் கணத்தைக் கழித்துவிட்டு, பார்க்காத கணத்தைப் பொறுக்கி எடுக்கிறான். கிழவி அவனைத் திருப்பிப் பார்த்து "எத்தினி மொழம்?" என்று கேட்டிருந்தால் கவிதை அங்கேதான் ஆரம்பித்திருக்கும். நானும் இப்படி ஏழெட்டு எழுதியிருக்கிறேன். இந்தப் பத்திரிகையிலேயே வந்திருக்கின்றன. நல்லவேளையாக யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

பதிவு என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டில் இன்னொரு அர்த்தம் உண்டு. அதற்கு அலுவலகம் இருக்கிறது, முத்திரை இருக்கிறது, கட்டணம் இருக்கிறது, கையெழுத்துப் போட சாட்சி வேண்டும். சாட்சி என்பவன் தான் அங்கே இருந்ததாக ஒப்புக்கொள்பவன். விலாசம் தருபவன். கோர்ட்டில் கூப்பிட்டால் போகவேண்டியவன். நம் விமர்சகர்கள் 'பதிவு' என்று எழுதும்போது இந்த அர்த்தத்தில் எழுதினால் எனக்கு ஆட்சேபமே இல்லை. அவர்கள் சொல்வது நேர் எதிரானது: எழுதியவன் அங்கே இல்லவே இல்லை என்பதைப் பாராட்டாகச் சொல்கிறார்கள்.

ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். இந்தத் தொழிலில் உள்ளவர்களில் தெளிவு உள்ளவர்கள் இருக்கிறார்கள். பெங்களூரில் மகேஷ் சாந்தாராம் பல வருஷம் கல்யாணம் எடுத்துச் சம்பாதித்தார். அந்தக் கல்யாணங்களின் ஓரங்களிலிருந்து 'மேட்ரிமேனியா' என்று தனியாக ஒரு வரிசை செய்தார். காலி நாற்காலி, வெறிச்சோடிய மேடை, தெர்மோகோல் சொர்க்கம். அந்தப் படங்களில் பிளாஷ் பளீரென்று அடிக்கிறது. எடுத்தவர் இங்கே நிற்கிறார் என்று அது கத்திச் சொல்கிறது. இங்கிலாந்தில் இயன் வெல்டன் என்பவர் 2019ல் போட்ட கல்யாணப் புத்தகத்துக்கே, நான் கல்யாணப் புகைப்படக்காரன் இல்லை என்று தலைப்பு வைத்தார். குறும்புதான், ஆனால் அதில் தன் இடம் எது என்ற கேள்வி இருக்கிறது. இவர்களும் காமிராவைப் பார் என்று யாரிடமும் சொல்வதில்லை. ஆனால் தாங்கள் அங்கே இல்லை என்று பாசாங்கு செய்வதும் இல்லை. நண்பரின் மொட்டைமாடிக்காரர் இவர்களிடமிருந்து வெளிச்சத்தை எடுத்துக்கொண்டிருக்கிறார், கேள்வியை விட்டுவிட்டார். சம்பளத்துக்குச் செய்கிறவரை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்குத் தத்துவம் எழுதிக்கொடுத்தவர் மேல்தான் என் சண்டை.

பதில் எழுதுவதாக நண்பர் போனில் சொன்னார். எழுதட்டும். அதற்குள் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. அவர் கொண்டுவந்த அறுபதில் ஐம்பத்தொன்பதைத்தான் திருப்பி எடுத்துப் போயிருக்கிறார். ஒன்றை அம்மா எடுத்துத் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். அதில் பெரியவர்கள் எல்லோரும் எங்கெங்கோ பார்த்து உணர்ச்சிவசப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள். கீழே வலது மூலையில், கையில் பாதி தின்ற ஜாங்கிரியோடு மூன்று வயசுப் பையன் ஒருவன் காமிராவை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பொறுக்கும்போது கண்ணில் தப்பியிருக்கவேண்டும். நண்பர் கேட்டால் அவளிடம் சொல்லி வாங்கி அனுப்புகிறேன். கொடுப்பாளா என்பது தெரியாது.